கைக்காகிதத்தில் நீலப் படம்: மொட்டை மாடி வெயிலில் அச்சிடத் தொடங்குகிறவர்களுக்கு

ஹேண்ட்மேட் பேப்பரைக் கடையில் ஒருமுறை தொட்டுப் பார்த்தால் போதும். இதில் நாம் எடுத்த போட்டோ ஒன்றை அச்சிட்டால் எப்படி இருக்கும் என்ற ஆசை உடனே வந்துவிடும். எனக்கும் அப்படித்தான் வந்தது. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் ஒரு தாளைச் செருகினேன். பிரிண்டர் பாதித் தாளை இழுத்துக் கசக்கி, ஓரத்துப் பஞ்சையெல்லாம் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டு, சிவப்பு விளக்கைச் சிமிட்டியபடி நின்றுவிட்டது. பிரிண்டரைச் சரிசெய்த செலவில் பத்துத் தாள் வாங்கியிருக்கலாம். அதன் பிறகுதான் சயனோடைப்புக்கு வந்து சேர்ந்தேன்.

சயனோடைப் என்பது இரண்டு இரும்பு உப்புகளைக் கரைத்துத் தாளில் பூசி, வெளிச்சமும் நிழலும் இடம் மாறிய நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் கழுவிப் படமாக்குகிற முறை. படம் முழுக்க நீல நிறத்தில் வரும். 1842இல் வானியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளை இந்த முறையில் பதிவெடுத்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். கட்டடம் கட்டுகிறவர்கள் புளூபிரிண்ட் என்பார்களே, அந்த நீலமும் இதே வேதியியல்தான். இதற்கு இருட்டறை வேண்டாம், பிரிண்டருக்குள் தாளை விட வேண்டாம். வெயில் வேண்டும். அது நம்மிடம் இருக்கிறது.

காகிதத்திலிருந்து தொடங்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் படத்தை முடிவு செய்துவிட்டு அப்புறம் காகிதம் தேடுவார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். காகிதத்தை வாங்கி, நனைத்து, பூசி, அது என்ன தரும் என்ன தராது என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பொருத்தமான படத்தைத் தேடுங்கள். கைக்காகிதம் வெறும் பின்னணி கிடையாது. ரசாயனத்தை உறிஞ்சுவது அதுதான், படத்தின் வெள்ளைப் பகுதியும் அதுதான், கழுவும்போது கிழிந்து உங்களை அழவைக்கப்போவதும் அதுதான்.

நல்ல கைக்காகிதம் பருத்தியில் செய்யப்படுவது. தையல் கடைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் மிஞ்சும் துணித் துண்டுகளை நறுக்கி, தண்ணீரோடு அரைத்துக் கூழாக்கி, வலைச் சட்டத்தில் அள்ளி, அழுத்தி, உலர்த்துகிறார்கள். மரக்கூழ் சேராததால் எளிதில் மஞ்சளாகாது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தோடு தொடர்புடைய கைக்காகிதக் கூடம் 1959இலிருந்து இயங்கிவருகிறது. அந்தப் பக்கம் போனால் எட்டிப் பாருங்கள். ராஜஸ்தானின் சாங்கானேர் இன்னொரு பெரிய மையம். அங்குள்ள தேசியக் கைக்காகித நிறுவனத்துக்குத் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கிராமத் தொழில்களுக்காகவே வாழ்ந்த மனிதர், பொருத்தமான பெயர்.

கடையில் பூவிதழ், வைக்கோல், வாழைநார் எல்லாம் பதித்த தாள்கள் முதலில் கண்ணை இழுக்கும். கல்யாணப் பத்திரிகைக்கு அவை அழகு. போட்டோவுக்கு வேண்டாம். முகத்தின் நடுவே ஒரு செவ்வந்தி இதழ் வந்து உட்கார்ந்துகொள்ளும். சாயம் போட்ட தாளும் வேண்டாம், கழுவும்போது சாயம் இறங்கும். வெள்ளை அல்லது லேசான சந்தன வெள்ளையில், எதுவும் பதிக்காத, 200 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரையுள்ள பருத்தித் தாளைக் கேளுங்கள். அதைவிட மெல்லிய தாளைக் கழுவும்போது கையாளுவது கடினம். அதைவிடத் தடித்த தாளில் ரசாயனத்தைக் கழுவி எடுப்பது கடினம்.

முழுத் தாள் பெரும்பாலும் 22க்கு 30 அங்குலத்தில் வரும். அதைக் கத்தியால் வெட்டாதீர்கள். மடித்து, மடிப்பின் மேல் ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, ஒரு நிமிடம் விட்டு, ஸ்கேலை வைத்து மெதுவாகப் பிரித்தெடுங்கள். கிழிந்த ஓரமும் ஏறக்குறைய தாளின் இயல்பான பிசிறு ஓரம் போலவே இருக்கும். இப்படி ஒரு தாளிலிருந்து பதினொன்றுக்கு ஏழரை அங்குலத்தில் எட்டுத் துண்டு கிடைக்கும். ஒன்றைச் சோதனைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அந்த ஒரு துண்டை வைத்து மூன்று சோதனைகள் செய்ய வேண்டும்.

முதலாவது தண்ணீர்ச் சோதனை. ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். முத்து மாதிரி ஓரிரு நிமிடம் நின்றால் அந்தத் தாளுக்குப் பசையேற்றியிருக்கிறார்கள், நல்லது. விட்டவுடன் மறைந்துபோனால் அது மை ஒற்றும் தாள் மாதிரி உறிஞ்சும். உங்கள் ரசாயனமும் உள்ளே ஆழமாகப் போய் உட்காரும், படம் மங்கலாக வரும், கழுவும்போது நீலமும் சேர்ந்து ஓடும். அப்படிப்பட்ட தாளைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, கஞ்சி போட்டால் தேறிவிடும். வேட்டிக்குப் போடுவது போலத்தான். ஆரோரூட் மாவு 2 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, கிளறிக்கொண்டே காய்ச்சி, கண்ணாடி போலத் தெளிந்ததும் இறக்கி, ஆறியபின் அகலத் தூரிகையால் மெல்லிசாகப் பூசி உலர்த்துங்கள். இரண்டு பூச்சு போதும். கெட்டியாகப் போட்டால் மடங்கும் இடத்தில் உரிந்துவரும், பூச்சியும் தேடி வரும்.

இரண்டாவது ஊறல் சோதனை. அதே தாளின் சிறு துண்டைத் தட்டுத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறப்போட்டு, ஒரு மூலையைப் பிடித்துத் தூக்குங்கள். அறுந்துவிட்டால் அந்தத் தாளைப் பிரிண்டருக்கோ கடிதம் எழுதவோ வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் முக்கியம், அதையே பலர் விட்டுவிடுகிறார்கள். காகிதம் நீண்ட நாள் வரவேண்டும் என்பதற்காகச் சில தயாரிப்பாளர்கள் கூழில் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புத் தூள், சேர்ப்பார்கள். மற்ற பெரும்பாலான வேலைக்கு அது நல்லது, சயனோடைப்புக்கு எதிரி. இந்த நீலத்துக்குக் காரம், அதாவது அமிலத்துக்கு எதிர்க்குணம் உள்ள ஆல்கலி, ஆகவே ஆகாது. இதை நான் தெரிந்துகொண்டது ஒரு புத்தகத்திலும் இல்லை. ஒருநாள் கலவை கொட்டி மாடிப்படியில் நீலக் கறை ஆகிவிட்டது. நான் பயந்துபோய் நிற்க, அம்மா துணி துவைக்கும் சலவைத் தூளைக் கரைத்து ஊற்றித் தேய்த்தார். நீலம் கண்ணெதிரே வெளிறித் துருப்பிடித்த மஞ்சளாக மாறியது. சலவைத் தூளின் காரம் படிக்கட்டில் செய்ததைத்தான் காகிதத்திலுள்ள சுண்ணாம்பு உங்கள் படத்தில் செய்யும், மெதுவாக.

அதனால் எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தை, கொஞ்சம் தண்ணீரில் நன்றாகக் கரைத்து ஒரு சொட்டைத் தாளில் விட்டு உற்றுப் பாருங்கள். நுண்ணிய குமிழ்கள் வந்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். வேறு தாள் கிடைத்தால் மாற்றிவிடுங்கள். கிடைக்காவிட்டால் லிட்டருக்கு 20 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் தாளை ஊறவைத்து, குமிழ் அடங்கியதும் நல்ல தண்ணீரில் அலசி, முழுக்க உலர்த்திவிட்டுப் பூசலாம். கொஞ்சம் தேறும், ஆனால் சுண்ணாம்பில்லாத தாளுக்கு ஈடாகாது.

இன்னொரு சின்ன விஷயம்: தாளுக்கு இரண்டு முகம். ஒன்றில் வலையின் தடம், மறுபக்கத்தில் அழுத்திய கம்பளித் துணியின் தடம். வெயில் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பிடித்தால் தெரியும். மென்மையான பக்கத்தில் அச்சிட்டு, பின்பக்க மூலையில் பென்சிலால் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். பூசிய பிறகு இருட்டில் எது முன், எது பின் என்று திண்டாட வேண்டியிருக்காது.

எந்தப் படம் எடுபடும்

கைக்காகிதத்தின் மேல்பரப்பு மேடும் பள்ளமுமாக இருக்கும். நெகட்டிவ் எல்லா இடத்திலும் ஒட்டி உட்காராது. அதனால் கண்ணிமை, தலைமுடி, தூரத்துப் பெயர்ப் பலகை மாதிரி நுணுக்கமெல்லாம் கரைந்துபோகும். அறுபது பேர் நிற்கிற கல்யாண குரூப் போட்டோவை இதில் போடாதீர்கள். பனைமரம், ஓட்டு வீட்டு வாசல், கோலம் போடுகிற கை, காயப்போட்ட வலை, கரையேற்றிய படகு என்று பெரிய வடிவமும் தெளிவான வெளிச்சமும் நிழலும் உள்ள படங்கள் அள்ளிக்கொண்டு போகும். முகம் வேண்டுமென்றால் தாள் நிறைய ஒரே முகம்.

வண்ணத்தால் மட்டுமே நிற்கிற படத்தையும் ஒதுக்குங்கள். சிவப்புப் புடவையும் பச்சை வயலும் கருப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகிவிடலாம். போனில் கருப்பு வெள்ளையாக்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். அப்போதும் படம் புரிந்தால் சரி.

உண்மையில் முதல் மூன்று தாளுக்குப் படமே வேண்டாம் என்பேன். முருங்கை இலை, வேப்பங்கொத்து, கோழி இறகு இவற்றை நேரடியாகத் தாள்மேல் வைத்து வெயிலில் காட்டுங்கள். அட்கின்ஸ் செய்ததும் அதுதான். நெகட்டிவ் பிரச்சினையா, காகிதப் பிரச்சினையா, கலவைப் பிரச்சினையா என்று குழம்பாமல் காகிதத்தையும் வெயிலையும் மட்டும் பழகிக்கொள்ளலாம்.

நெகட்டிவ் செய்வது

படம் என்ன அளவில் வர வேண்டுமோ நெகட்டிவும் அதே அளவில் இருக்க வேண்டும். இதில் உருப்பெருக்கம் கிடையாது. போட்டோ எடிட்டரில் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, நிழல் பகுதியை லேசாகத் திறந்துவிட்டு, தலைகீழாக்கினால், அதாவது இன்வர்ட் செய்தால், நெகட்டிவ் தயார். பிறகு இடவலமாகத் திருப்பி அச்சிட வேண்டும். அப்போதுதான் மை இருக்கும் பக்கம் தாளைத் தொட்டுக்கொண்டிருக்கும், படமும் சரியான திசையில் வரும். மறந்தால் கடைப் பெயர்ப் பலகையெல்லாம் திரும்பி நிற்கும்.

இங்க்ஜெட் இருந்தால் இங்க்ஜெட்டுக்கான ஓஎச்பி ஷீட்டில், அதாவது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில், அச்சிடுங்கள். சாதாரண ஷீட்டில் மை ஒட்டாமல் வழியும். பிரிண்டர் இல்லாதவர்கள் தெரு முனை ஜெராக்ஸ் கடையில் லேசர் ஓஎச்பி ஷீட்டில் எடுக்கலாம். லேசர் கருப்பு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பல்லிளிக்கும். அதனால் ஒரே படத்தை இரண்டு ஷீட்டில் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி ஓரத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். ஏழை நெகட்டிவ்தான், ஆனால் கைக்காகிதத்தின் கரடுமுரடில் அந்தக் குறை பாதி மறைந்துவிடும்.

இரண்டு பாட்டில், ஒரு தூரிகை

பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்கு ரசாயனம் விற்கும் கடைகளில் இரண்டும் கிடைக்கும். ஒன்று ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பச்சை வகை. பழுப்பு வகையும் உண்டு, அது வேண்டாம். இன்னொன்று பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு. கடைக்காரர் ஃபெர்ரோசயனைடை எடுத்து நீட்டுவதுண்டு, பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஃபெர்ரி ஆரஞ்சுச் சிவப்பாக இருக்கும், ஃபெர்ரோ வெளிர் மஞ்சள். சிவப்பைத்தான் வாங்க வேண்டும்.

முதல் பாட்டிலில் சிட்ரேட் 25 கிராமைப் போட்டு, கரைசல் 100 மில்லி வரும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டாவதில் ஃபெர்ரிசயனைடு 10 கிராம், அதே போல 100 மில்லி. கேன் தண்ணீரையோ காய்ச்சி வடித்த தண்ணீரையோ பயன்படுத்துங்கள், போர் தண்ணீர் வேண்டாம். பாட்டில்கள் பழுப்பு நிறமாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கருப்புத் தாளைச் சுற்றி வையுங்கள். தனித்தனியாக இருக்கும்வரை நெடுநாள் கெடாது. சிட்ரேட் கரைசலில் மட்டும் நம் ஊர்ச் சூட்டுக்குச் சில வாரங்களில் பூஞ்சை மிதக்கும். காபி ஃபில்டர் தாளில் வடிகட்டிப் பயன்படுத்தலாம்.

சயனைடு என்ற பெயரைக் கேட்டதும் வீட்டில் ஒரு கலவரம் நடக்கும், நடக்கட்டும். ஃபெர்ரிசயனைடில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் நச்சுத்தன்மை குறைவு. ஆனால் அதில் அடர்த்தியான அமிலம் எதையும் ஊற்றக் கூடாது, சூடாக்கவும் கூடாது. செய்தால் நச்சு வாயு வரும். பாத்ரூம் கழுவுகிற ஆசிட் பாட்டிலை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். கையுறை போடுங்கள். சமையல் பாத்திரம், கரண்டி எதையும் இதற்கு எடுக்காதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதி வையுங்கள்.

பூசுவதற்குச் சற்று முன்பு இரண்டிலிருந்தும் சம அளவு எடுத்துக் கலக்குங்கள். பதினொன்றுக்கு ஏழரை அங்குலத் துண்டுக்கு மொத்தம் 3 முதல் 4 மில்லி ஆகும். வழவழப்பான தாளென்றால் இதில் பாதி போதும், கைக்காகிதம் குடிக்கும். அந்தக் கணக்கில் இரண்டு பாட்டிலும் சேர்ந்து ஐம்பது அச்சுக்கு மேல் வரும். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

அறையில் டியூப் லைட்டை அணைத்துவிட்டு, மங்கலான மஞ்சள் பல்பைத் தூரத்தில் எரியவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் வேண்டாம். இரும்புப் பட்டை போட்ட தூரிகையில் கலவை பட்டால் நீலப் புள்ளிகள் விழும். பட்டையில்லாத அகலத் தூரிகையோ ஸ்பாஞ்ச் தூரிகையோ எடுங்கள். முதலில் தூரிகையை நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதிக் கலவையை அதுவே குடித்துவிடும். குறுக்காக ஒரு முறை, நெடுக்காக ஒரு முறை, அழுத்தாமல். திரும்பத் திரும்பத் தேய்த்தால் பஞ்சு கிளம்பித் தாள் முடி முளைத்த மாதிரி ஆகிவிடும். இடைவெளி விழுந்தால் பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.

படத்தைச் சுற்றித் தூரிகைத் தடம் தெரிவது இந்த முறையின் அழகு என்பார்கள். உண்மைதான். ஆனால் அதற்காகவே ஓரத்தில் வேண்டுமென்றே விசிறியடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், படத்தைவிட விளிம்புதான் கத்தும். என் ரசனைக்கு அது ஒத்துவரவில்லை.

பூசிய தாளை இருட்டான அலமாரியில் கிடையாக வைத்து உலர்த்துங்கள். ஒரு மணி நேரமாவது ஆகும். தொட்டால் குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் அரை நாள்கூட ஆகலாம், ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்துக் கொஞ்சம் உதவலாம். ஈரத்தோடு வெயிலுக்குக் கொண்டுபோனால் கண்ணாடிக்குள் வியர்த்து, நெகட்டிவ் ஒட்டிக்கொண்டு, இரண்டும் பாழாகும். நன்றாக உலர்ந்த தாள் எலுமிச்சைப் பச்சையாக இருக்கும். அன்றே அச்சிடுங்கள். மறுநாள் வரை வைத்தால் கைக்காகிதம் தானாகவே நீலம் பாரிக்கத் தொடங்கும்.

வெயிலில்

பழைய போட்டோ பிரேமின் கண்ணாடி, அதே அளவு பலகை, நான்கைந்து பைண்டர் கிளிப், இவ்வளவுதான் கருவி. பலகைமேல் மடித்த துவாலைத் துண்டு ஒன்று, அதன்மேல் தாள், நெகட்டிவ், கண்ணாடி. அந்தத் துண்டை மறக்காதீர்கள். கைக்காகிதத்தின் மேடுபள்ளத்தை அடியிலிருந்து தூக்கி நெகட்டிவோடு ஒட்டவைப்பது அதுதான். துண்டு இல்லாமல் அச்சிட்டால் படம் ஆங்காங்கே மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தது போலிருக்கும்.

எத்தனை நிமிடம் என்பதை உங்கள் மாடியில்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சோதனைத் துண்டை வைத்து, அட்டையால் மூடி, இரண்டு நிமிடத்துக்கொரு முறை அட்டையை ஓரங்குலம் நகர்த்துங்கள். பத்து நிமிடத்தில் ஐந்து பட்டைகள் கிடைக்கும். கழுவி உலர்ந்தபின் எந்தப் பட்டையில் நீலம் முழுசாக இருக்கிறது என்று பாருங்கள். காலை பத்திலிருந்து மாலை மூன்று வரைதான் புற ஊதாக் கதிர் பலமாக இருக்கும். மாலை வெயில் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரியும், ஆனால் தாளில் வேலை செய்யாது. சித்திரை நண்பகலில் ஆறேழு நிமிடம் போதுமான நெகட்டிவுக்கு மார்கழி மேகத்தில் அரை மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

நேரத்தைவிட நிறத்தை நம்புங்கள். எலுமிச்சைப் பச்சை முதலில் நீலப் பச்சையாகும், அப்புறம் நீலம் கலந்த சாம்பலாகும். கடைசியில் நிழல் பகுதிகள் வெளிறி, பித்தளைப் பாத்திரம் கறுத்தது போல ஓர் உலோகச் சாயல் வரும். ஐயோ, தீய்ந்துவிட்டது என்று தோன்றும். அதுதான் சரியான கட்டம். கழுவும்போது நிறைய நீலம் தண்ணீரோடு போய்விடும் என்பதால், கண்ணுக்கு அதிகம் என்று தோன்றும் அளவுக்குக் காட்டினால்தான் கையில் படம் மிஞ்சும். புதியவர்கள் பத்தில் ஒன்பது பேர் சீக்கிரமே எடுத்துவிடுகிறார்கள்.

கழுவுவது

அச்சின் பாதி விதி இங்கேதான் முடிவாகிறது. பெரிய பிளாஸ்டிக் தட்டு இரண்டு வையுங்கள். முதல் தட்டுத் தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு சிட்டிகை எலுமிச்சை உப்போ, ஒரு மேசைக்கரண்டி வினிகரோ கலந்துகொள்ளுங்கள். நம் போர் தண்ணீர் பல ஊர்களில் உப்பும் காரமும் கலந்தது. அதில் நேரடியாகப் போட்டால் நடுத்தர நீலமெல்லாம் ஓடிவிடும். இவ்வளவு நீர்த்த புளிப்பால் ஆபத்தில்லை.

தாளைத் தனியாக நீரில் போடாதீர்கள். அடியில் ஒரு கொசுவலைத் துண்டையோ பழைய ஓஎச்பி ஷீட்டையோ வைத்து, அதோடு சேர்த்து இறக்கி, அதோடு சேர்த்தே தூக்குங்கள். நனைந்த கைக்காகிதம் கைக்குழந்தை மாதிரி, அடியில் கை கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். குழாயை மேலே திறந்துவிட்டால் அந்த இடம் குழிந்துவிடும். தட்டை மெல்ல ஆட்டுங்கள். மஞ்சள் நீர் கிளம்பும். ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது தட்டில் நல்ல தண்ணீருக்கு மாற்றுங்கள். தண்ணீரை மாற்றி மாற்றி, படத்தின் வெள்ளைப் பகுதியில் மஞ்சள் சாயல் துளியும் இல்லாமல் போகும்வரை அலசுங்கள். மெல்லிய தாளுக்குப் பத்து நிமிடம் போதும். 300 ஜிஎஸ்எம் தாளின் உள்ளே ரசாயனம் பதுங்கியிருக்கும், இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் அன்றைக்கு வெள்ளையாகத் தெரிந்த இடம் பிறகு மெல்ல நீலம் பூக்கும்.

ஈரத்தில் படம் வெளிறித் தெரியும், கலங்காதீர்கள். ஒரு நாள் காற்றில் கிடந்தால் தானாகவே நீலம் ஆழமாகும். பொறுமை இல்லாதவர்கள் மெடிக்கல் ஷாப்பில் விற்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு மூடி எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, தாளை அரை நிமிடம் முக்கி அலசினால் கண்ணெதிரே கருநீலம் ஏறும். இறுதி விளைவு இரண்டிலும் ஒன்றுதான். ஆனாலும் அந்த அரை நிமிடத்தை வேடிக்கை பார்ப்பதற்காகவே நான் இன்னும் பெராக்சைடு வாங்குகிறேன்.

கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடாதீர்கள், தன் கனத்திலேயே கிழியும். பழைய வேட்டியை விரித்து அதன்மேல் நிழலில் காயப்போடுங்கள். முக்கால் வாசி உலர்ந்ததும் வெள்ளைப் பருத்தித் துணிகளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கினால் மறுநாள் தட்டையாகிவிடும். செய்தித்தாளில் வைத்தால் தலைப்புச் செய்தியும் படத்தில் ஏறிக்கொள்ளும்.

சரியாக வராதபோது

படம் முழுக்க வெளிறியிருந்தால் வெயில் போதவில்லை, அல்லது தாள் ஈரமாக இருந்தது. வெள்ளைப் பகுதியே நீலமாக இருந்தால் நெகட்டிவின் கருப்பு போதவில்லை, அல்லது பூசும்போதோ உலர்த்தும்போதோ வெளிச்சம் பட்டிருக்கிறது. இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள, நெகட்டிவ் மூடாத ஒரு மூலையில் நாணயம் ஒன்றை வைத்து அச்சிட்டுப் பாருங்கள். நாணயத்தின் அடியில் வெள்ளையாக இருந்தால் குற்றவாளி நெகட்டிவ். சில இடம் மட்டும் மங்கலாக இருந்தால் கண்ணாடி சரியாக அழுத்தவில்லை. கழுவும்போது நீலம் தூள்தூளாகக் கிளம்பி ஓடினால் தாளுக்குப் பசை போதவில்லை, கஞ்சிக்குத் திரும்புங்கள். நன்றாக வந்த படம் சில வாரங்களில் மஞ்சள் கலந்து மங்கினால் சுண்ணாம்புத் தாள்தான் காரணம்.

நீலமே வேண்டாம் என்கிறவர்களும் உண்டு. உலர்ந்த அச்சை ஒரு லிட்டருக்கு அரைக் கரண்டி வாஷிங் சோடா கரைத்த நீரில் முக்கினால் மஞ்சளாகும். நன்றாக அலசிவிட்டு, பால் சேர்க்காத கெட்டித் தேயிலைச் சாயத்தில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் கரும்பழுப்பாக எழும். தாளின் வெள்ளையும் டீக்கடை நிறத்துக்குப் போய்விடும், அதற்குத் தயாராக இருங்கள்.

வண்ணப் படம்தான் வேண்டும் என்றால் பிரிண்டருக்கே போக வேண்டும். எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்காமலிருக்க மூன்று காரியம் செய்யுங்கள். தாள் நுழையும் பக்கத்துப் பிசிறு ஓரத்தை நேராக வெட்டிவிடுங்கள். மென்தூரிகையால் பஞ்சையெல்லாம் தட்டிவிடுங்கள். மடங்காமல் நேராகப் போகும் பின்பக்கத் தட்டில், பிரிண்டர் ஏற்கும் தடிமனுக்குள் உள்ள தாளை மட்டும் விடுங்கள். மேட் காகிதம் என்று அமைப்பில் தேர்ந்தெடுங்கள். மேல்பூச்சு இல்லாத தாளில் மை உள்ளே இறங்கிக் கருப்பு சாம்பலாகத் தெரியும். பனிமூட்டம், பழைய சுவர், மங்கிய சாயம் மாதிரி படங்களுக்கு அது பொருந்தும். திருவிழாப் படத்துக்குப் பொருந்தாது.

பிரேம் போடும்போது கண்ணாடி அச்சைத் தொடாமல் நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். நீண்ட நாள் கெடாதது என்று விற்கும் மவுண்ட் அட்டைகள் பலவற்றிலும் அதே சுண்ணாம்பு இருக்கும், சுண்ணாம்பு சேர்க்காததைக் கேட்டு வாங்குங்கள். நேர் வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள். மாட்டி மங்கிவிட்டாலும் கழற்றி இருட்டான அலமாரியில் சில நாள் வைத்துப் பாருங்கள், காற்றுப் பட்டு நீலம் பெரும்பாலும் திரும்ப வரும்.

கையெழுத்தைப் பென்சிலால் படத்துக்குக் கீழே போடுங்கள். பின்பக்கத்தில் தாள் எங்கே வாங்கியது, கஞ்சி போட்டதா இல்லையா, எந்த மாதம், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் வெயில் என்பதையும் எழுதிவையுங்கள். என்னுடைய மிகச் சிறந்த அச்சின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதே மாதிரி இன்னொன்று எடுக்க இன்றுவரை முயன்றுகொண்டிருக்கிறேன்.